மாட்யூல் வீடுகளின் போல்ட் இணைப்புகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கோவைப் பட்டறைகளில் பற்றவைத்து, லாரியில் ஏற்றி, திருப்பூரிலோ பெருந்துறையிலோ கிரேன் கொண்டு அடுக்கப்படும் எஃகு மாட்யூல் வீடுகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் எழும் கட்டமைப்புச் சிக்கல்கள் பெரும்பாலும் போல்ட் இணைப்பில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. அங்கே தெரிவதாலேயே காரணமும் அங்கேதான் இருக்கும் என்று கொண்டு, முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கத் தொடங்குவது பல நேரங்களில் காரணத்தை மறைத்துவிடுகிறது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதை அளக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், பிறகு எதைத் திருத்த வேண்டும் என்ற வரிசையில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே மாட்யூலை எடுத்துக்கொள்வோம். நீளம் 6,000 மி.மீ., அகலம் 2,400 மி.மீ.; சாலையில் செல்லும் வாகனத்தின் அகலம் பொதுவாக 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால் இந்த அகலம் தானாக அமைந்துவிடுகிறது. நான்கு மூலைகளிலும் 100 மி.மீ. சதுர பாக்ஸ் பைப் தூண்கள். தூணின் மேலும் கீழும் முனையை மூடும் 12 மி.மீ. தகடு, அதாவது எண்ட் பிளேட், ஒவ்வொரு பிளேட்டிலும் 8.8 என்ற வலிமை வகையைச் சேர்ந்த நான்கு எம்20 (20 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகள். துளை 22 மி.மீ. விதிகளும் எண்களும் எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 800-இன் 2007 பதிப்பின்படியானவை.

எந்த அறிகுறியானாலும் வரைபடத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. இந்த இணைப்பு போல்ட்டின் தண்டு துளையின் சுவரில் மோதி விசையைத் தாங்கும் பேரிங் வகையா, அல்லது போல்ட்டை இழுத்து இறுக்குவதால் பிளேட்டுகளுக்கிடையே பிறக்கும் உராய்வே விசையைத் தாங்கும் ஃப்ரிக்‌ஷன் கிரிப் வகையா? இதை வரைபடம் சொல்லாமல் விட்டிருந்தால், வடிவமைத்தவர் ஒன்றை எண்ணியிருப்பார், பட்டறை மற்றொன்றைச் செய்திருக்கும், களத்தில் மூன்றாவதாக ஒன்று நடந்திருக்கும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில் பிறந்தவையே.

துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை

மேல் மாட்யூலைக் கிரேன் தாங்கி நிற்கிறது. இரண்டு மூலைகளில் போல்ட் இறங்கிவிட்டது. மற்ற இரண்டில் துளையின் பிறைதான் தெரிகிறது. கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபிட்டர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ஏனுங்க, கேஸ் வெச்சு ஒரு சுத்து சுத்துனா தொளை வந்துருமுங்க." இதற்கு ஒப்புதல் தரக்கூடாது. கேஸ் கட்டரால் பெரிதாக்கிய துளையின் சுவர் பல்பல்லாக இருக்கும். போல்ட்டின் தண்டு அதில் ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொடும். வெப்பம் பட்ட விளிம்பு இறுகி, விரிசல் தொடங்க வசதியான இடமாக மாறும். அதற்கும் மேலாக, எவ்வளவு பெரிதாக்கப்பட்டது என்பது வாஷருக்கு அடியில் மறைந்துபோகும்.

முதலில், விலகல் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கு மூலைகளிலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் மாட்யூல் இறங்கிய இடம்தான் தவறு. தூக்கி, நகர்த்தி இறக்கினால் முடிந்தது. இரண்டு மூலைகள் பொருந்தி மற்ற இரண்டு ஒரே பக்கம் விலகியிருந்தால் சட்டகம் மூலைமட்டத்தில் இல்லை. ஒரு மாட்யூலில் சிறிதாகவும் அடுத்தடுத்த மாட்யூல்களில் பெரிதாகவும் வளர்ந்துகொண்டே போனால் அது அளவுப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்ததன் விளைவு.

மூலைமட்டத்தைச் சோதிக்க டேப்பை மூலைவிட்டமாகப் பிடித்தால் போதும். நம் மாட்யூலின் மூலைவிட்டம் ஏறத்தாழ 6,462 மி.மீ. இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே 10 மி.மீ. வேறுபாடு இருந்தால், ஒரு நீளப் பக்கம் மற்றொன்றைவிட ஏறத்தாழ 5.4 மி.மீ. நகர்ந்திருக்கிறது என்று பொருள். 22 மி.மீ. துளைகள் இரண்டின் வழியாக 20 மி.மீ. போல்ட் நுழைய, துளைகளின் மையங்கள் அதிகபட்சம் 2 மி.மீ. மட்டுமே விலகலாம். ஆக, மூலைவிட்ட வேறுபாடு 4 மி.மீ. ஆனதுமே, ஒரு பக்கத்தைச் சரியாக வைத்தால் மறுபக்கம் போல்ட் இறங்காது. விலகலை இரு பக்கங்களுக்கும் பங்கிட்டு இறக்கினால் மேல் மாட்யூல் ஒன்றின் பிழையை ஓரளவு விழுங்கலாம். கீழ் மாட்யூலும் எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் அதுவும் நடக்காது. பட்டறையில் மூலைவிட்ட வேறுபாட்டுக்கு 3 மி.மீ. என்ற வரம்பை நான் கேட்பது இதனால்தான். கடுமையான வரம்பு என்று முணுமுணுப்பார்கள். ஆனால் சட்டகத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் பூட்டி, வெல்டிங் ஆறிய பிறகே கழற்றினால் அது எட்டக்கூடியதுதான். சூட்டோடு ஜிக்கிலிருந்து எடுத்த சட்டகம், ஆறும்போது வெல்டிங் அதிகமாக உள்ள பக்கம் சுருங்கித் திரும்பிக்கொள்ளும்.

பிழை சேர்ந்துகொண்டே போவதற்கு வேறு மருந்து தேவை. ஐந்து மாட்யூல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்து, ஒவ்வொன்றும் 2 மி.மீ. அகலம் கூடியிருந்தால், கடைசி மாட்யூல் அடித்தளத்தின் போல்ட்டிலிருந்து 10 மி.மீ. தள்ளிப் போய்விடும். மாட்யூல்களுக்கிடையே 15 அல்லது 20 மி.மீ. இடைவெளியை வடிவமைப்பிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு மாட்யூலையும் பக்கத்து மாட்யூலிலிருந்து அளக்காமல், தளத்தில் அடித்த நூல்கோட்டிலிருந்து அளந்து வைக்க வேண்டும். பக்கவாட்டில் பிணைக்கும் பிளேட்டின் துளைகளை முன்கூட்டியே போடாமல், மாட்யூல்கள் நின்ற பிறகு அளவெடுத்துப் போடுவது இன்னும் நல்லது.

ஏற்கெனவே நின்றுவிட்ட மாட்யூலில் என்ன செய்யலாம்? கூர்நுனி ட்ரிஃப்ட் பின்னை நுழைத்துத் துளைகளை வரிசைக்கு இழுக்கலாம். ஆனால் ட்ரிஃப்ட் பின் துளையின் சுவரைச் சிதைத்து வழி செய்துகொள்ளும் அளவுக்கு அடிக்கக்கூடாது. அதற்கும் மசியாவிட்டால் காந்த ட்ரில்லும் ரீமரும் கொண்டு துளையை வட்டமாகப் பெரிதாக்கி எம்24 போடலாம். அப்போது துளை 26 மி.மீ. ஆகிறது, இயந்திரத்தால் வெட்டிய விளிம்புக்குத் துளையின் 1.5 மடங்கு, அதாவது 39 மி.மீ., கையால் கேஸ் வைத்து வெட்டிய விளிம்புக்கு 1.7 மடங்கு, அதாவது 44.2 மி.மீ. விளிம்புத் தூரம் (துளையின் மையத்திலிருந்து பிளேட்டின் விளிம்பு வரை) தேவை. பிளேட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று ட்ரில்லை எடுக்கும் முன் ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். எம்20-க்கு 24 மி.மீ. பெருந்துளையையோ, 26 மி.மீ. நீளமுள்ள குறுநீள் துளையையோ விதி அனுமதிக்கிறது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தினால் இணைப்பு உராய்வு வகையாக இருக்க வேண்டும், உராய்வு வலிமையிலும் 15 விழுக்காட்டைக் கழித்துவிட வேண்டும். துளையைப் பெரிதாக்கிவிட்டு, கணக்கைப் பழைய பேரிங் வகையிலேயே விட்டுவிடுவதுதான் களத்தில் நான் அதிகம் காணும் அரைகுறைத் தீர்வு.

இறுக்கிய பிறகும் பிளேட்டுகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறது

இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு விசிட்டிங் கார்டு விளிம்பிலிருந்து போல்ட் வரை நுழைகிறது என்றால் பிளேட்டுகள் சேரவில்லை. எண்ட் பிளேட்டைத் தூணோடு சுற்றிலும் பற்றவைக்கும்போது, ஆறும் வெல்டிங் பிளேட்டின் விளிம்புகளைத் தூணின் பக்கம் இழுத்து, முகத்தைத் தட்டுப்போலக் குவியச் செய்துவிடும். இரண்டு குவிந்த முகங்கள் நடுவில் மட்டுமே தொடும். அந்நிலையில் போல்ட்டுகளை இறுக்கினால், போல்ட்டின் இழுவிசை பிளேட்டை வளைப்பதற்கே செலவாகும். திருகுவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் "டிக்" என்று சொல்லிவிடும். ஆனால் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் விசை பிறந்திருக்காது.

தூணின் சுமை பிளேட்டுகளின் தொடுகையால் கீழிறங்கும்படி வடிவமைத்திருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் ஒரு விளிம்பில் மட்டும் தொடும் தூண் சுமையை மையம் விலகி வாங்கி வளையத் தொடங்கும். துளையோரத்தில் நிற்கும் பிசிறையும் முகத்தில் உறைந்த வெல்டிங் தெறிப்பையும் கிரைண்டரால் நீக்கியும் இடைவெளி நீங்காவிட்டால், அளந்து வெட்டிய எஃகு ஷிம் தகட்டைச் செருகுவதே முறை. ஷிம் முழு முகத்தையும் நிறைக்க வேண்டும். நட்டின் அருகே செருகிய தகரத் துண்டு ஷிம் ஆகாது. அதன் கனம் 6 மி.மீ.-ஐத் தாண்டினால் போல்ட்டின் வெட்டு வலிமையைக் குறைக்கச் சொல்கிறது விதி: ஒவ்வொரு மி.மீ.-க்கும் 1.25 விழுக்காடு. 10 மி.மீ. ஷிம் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும்; 16 மி.மீ. ஷிம் ஐந்தில் ஒரு பங்கை. மட்டம் சரிசெய்ய ஷிம்மை அடுக்கிக்கொண்டே போகும் மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அனுமதிக்கும் அதிகபட்சக் கனத்தை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கட்டடம் முனகுகிறது, காற்றில் அசைகிறது, கதவு சில நாட்களில் மாட்டுகிறது

இந்த அறிகுறியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுழல்வதை இங்குள்ள யாரும் அறிவர். காற்று விசைக்கான ஐஎஸ் 875-இன் மூன்றாம் பகுதி கோவைக்கு வைக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. எண்ணில் சிறியதானாலும், வாரக்கணக்கில் விடாமல் ஒரே திசையிலிருந்து விட்டுவிட்டு வீசும் காற்று, தளர்ந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

கட்டடம் உடைந்துவிடும் என்பதற்கான அடையாளமாக அந்த முனகலை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேரிங் வகை இணைப்பில் போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே 2 மி.மீ. இருக்கிறது, விசை ஒரு பக்கம் தள்ளும்போது பிளேட் அந்த இடைவெளியில் வழுக்கி ஒரு சுவரில் மோதுகிறது, விசை திரும்பும்போது மறு சுவருக்குப் போகிறது. மூன்று தளம் என்றால் ஒவ்வொரு தளத்தின் வழுக்கலும் சேர்ந்து உச்சியில் பெரிதாகத் தெரியும். மாலை வெயில் தணியும் நேரத்தில் மட்டும் "டக்" என்ற ஒலி வந்தால் காற்றைக் குறை சொல்ல வேண்டாம்: 12 மீட்டர் நீளக் கூரைச் சட்டம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 4.3 மி.மீ. நீண்டு சுருங்கும், அந்தச் சுருக்கம் ஏதோ ஓர் இணைப்பை உராய்வை மீறி இழுக்கும் கணத்தில் எழும் ஒலி அது. எந்த நேரத்தில் ஒலி வருகிறது என்று குடியிருப்பவரிடம் கேட்பது எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

பக்கவாட்டு விசையைத் தாங்கும் இணைப்புகள் உராய்வு வகையாக இருக்க வேண்டும் என்று வரைபடம் சொல்லியிருந்தும் வழுக்கினால், அடுத்துப் பார்க்க வேண்டியது பிளேட்டின் முகம். 8.8 வகை எம்20 போல்ட்டின் முழு இறுக்க விசை ஏறத்தாழ 137 கிலோநியூட்டன். ஷாட் பிளாஸ்ட் செய்து (சிறு எஃகு மணிகளை வேகமாக வீசிச் சுத்தம் செய்து), உதிரும் துரு நீக்கிய முகத்துக்கு உராய்வுக் கெழு 0.50, ஆகவே ஒரு போல்ட், ஒரு தொடுமுகத்தில், பாதுகாப்புக் காரணியும் கழிந்த பிறகு 55 கிலோநியூட்டன் தாங்கும். எந்தச் சிகிச்சையும் செய்யாத முகத்துக்கு 0.20, வலிமை 22. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கிய, வழவழப்பான முகத்துக்கு 0.10, வலிமை 11. வடிவமைத்தவர் ஷாட் பிளாஸ்ட்டை மனத்தில் வைத்துக் கணக்கிட்டு, வாங்கியவர் "துருப்பிடிக்காமல் இருக்கட்டும்" என்று முழு மாட்யூலையும் கால்வனைஸிங்குக்கு அனுப்பிவிட்டால், நான்கு போல்ட் மூலை 220 கிலோநியூட்டனிலிருந்து 44-க்கு இறங்கிவிட்டது. யாரும் எதையும் கெடுக்கவில்லை. இணைப்பு மட்டும் ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

முகத்தில் பெயின்ட் இருந்தால் உராய்வு குறைவதோடு இன்னொரு தீங்கும் உண்டு. இரண்டு 12 மி.மீ. பிளேட்டுகளைப் பிடிக்கும் எம்20 போல்ட் முழு இறுக்கத்தில் நீள்வது ஏறத்தாழ 0.07 மி.மீ. மட்டுமே. முழு இறுக்க விசையும் அந்த முடிக்கனத்து நீட்சியில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. இடையே இருக்கும் பெயின்ட் படலம் அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி 0.03 மி.மீ. மெலிந்தாலும், இறுக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நட்டு ஒரு நூல்கூடச் சுழலாமலே காணாமல் போய்விடும். ஆகவே, தொடுமுகங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடங்களுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். அல்லது எத்தில் சிங்க் சிலிகேட் (ethyl zinc silicate) பூச்சை 30 முதல் 60 மைக்ரான் வரை கொடுத்து, 0.30 என்ற கெழுவோடு கணக்கிட வேண்டும்.

முகம் சரியாக இருந்தால் இறுக்கிய முறையைச் சோதிக்கலாம். டார்க் ரெஞ்ச் அளப்பது நட்டைச் சுழற்றத் தேவையான திருகுவிசையை. நமக்கு வேண்டியது போல்ட்டின் இழுவிசை. இரண்டையும் இணைக்கும் கெழு, எண்ணெய் உள்ள புதுப் புரியில் 0.15 அளவிலும், உலர்ந்ததில் 0.20 அளவிலும், மழையில் நனைந்து துருவேறியதில் அதற்கு மேலும் போகும். 0.15 என்று எண்ணி 412 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய உலர்ந்த போல்ட்டில் 137-க்குப் பதில் 103 கிலோநியூட்டன்தான் இருக்கும். அதனால் களத்தில் நட்டுச் சுழற்சி முறையையே நான் விரும்புகிறேன். ஒருவர் சாதாரண ஸ்பேனரால் முழுப் பலத்தோடு இறுக்கும் நிலை வரை எல்லா போல்ட்டுகளையும் கொண்டுவந்து, பிளேட்டுகள் சேர்ந்துவிட்டதை உறுதிசெய்து, நட்டிலும் போல்ட் முனையிலும் பிளேட்டிலும் ஒரே கோடாகப் பெயின்ட் மார்க்கரால் கிழித்து, பிறகு குறிப்பிட்ட பாகைக்குத் திருப்ப வேண்டும். கட்டமைப்பு இணைப்புகளுக்கான அமெரிக்க ஆய்வு மன்றமான ஆர்சிஎஸ்சியின் விதியில், போல்ட்டின் நீளம் விட்டத்தின் நான்கு மடங்குக்குள் இருந்தால் மூன்றில் ஒரு சுற்று, நான்கிலிருந்து எட்டு மடங்கு வரை அரைச் சுற்று. இந்தியத் திட்டத்தில், உயர்வலிமை போல்ட்டுகளுக்கான ஐஎஸ் 4000-இன்படி வரைபடம் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும். எந்த முறையானாலும், பிளேட்டின் இறுக்கமான நடுப்பகுதியில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போவதும், ஒரு சுற்று முடிந்ததும் முதல் போல்ட்டை மறுபடி பார்ப்பதும் தவிர்க்கக்கூடாதவை.

பாக்ஸ் பைப்பின் இரண்டு சுவர்களையும் ஊடுருவும் நீள போல்ட்டில் இந்த முறைகளில் எதுவுமே பலிக்காது. இறுக்க இறுக்கக் குழாயின் சுவர்கள் உள்வாங்கும். போல்ட்டில் இழுவிசை ஏறாது. குழாயின் உள்ளே, சுவரிலிருந்து சுவர் வரை நிற்கும் தடித்த ஸ்லீவ் குழாயைப் பட்டறையிலேயே பற்றவைத்திருந்தால்தான் அங்கே உராய்வு இணைப்பைப் பற்றிப் பேசலாம். ஸ்லீவ் வைத்தாலும், போல்ட் பிடிக்கும் மொத்தக் கனம் விட்டத்தின் ஐந்து மடங்கைத் தாண்டினால் பேரிங் கணக்கில் வெட்டு வலிமை குறையும். எட்டு மடங்கைத் தாண்டவே கூடாது. எம்20-க்கு அந்த எல்லை 160 மி.மீ.; ஆக, பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு 100 மி.மீ. தூண்களை ஒரே போல்ட்டால் ஊடுருவிப் பிணைக்கும் யோசனை இங்கேயே முடிந்துபோகிறது.

நட்டுகள் தாமாகக் கழல்கின்றன

நட்டைக் கழற்றுவது அச்சின் வழியே வரும் அதிர்வைவிட, பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வழுக்கும் அசைவுதான் என்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் 1969-இல் சோதனையால் காட்டினார். எனவே கழலும் நட்டு, மேலே சொன்ன வழுக்கலின் இன்னொரு முகமாகவே பெரும்பாலும் இருக்கும். ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். முழு இறுக்கத்தில் அது தட்டையாகிவிடும். அதன் பின் அதற்கு வேலையில்லை. முழு இறுக்கம் தேவைப்படாத இடத்தில் இரட்டை நட்டோ, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டோ போதும். முழு இறுக்கம் தேவைப்படும் இடத்தில் அந்த இறுக்கமே பூட்டு.

பலர் மறந்துவிடும் ஒன்று பயணம். கட்டடத்தில் நின்று அனுபவிக்கப்போகும் அசைவைவிடக் கடுமையான அசைவை மாட்யூல் லாரியின் மேல், வேகத்தடைகளைத் தாண்டும்போது அனுபவிக்கிறது. பட்டறையில் இறுக்கிய உள் இணைப்புகளின் மார்க்கர் கோடுகளைத் தூக்குவதற்கு முன் தரையிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மேலே ஏற்றி உட்சுவர்ப் பலகை அடித்துவிட்டால் பிறகு பார்க்க வழியில்லை. கோடு நகர்ந்திருந்தால், முழு இறுக்கத்துக்கு ஒருமுறை ஆளான போல்ட்டை மறுபடி இறுக்காமல் புதியதைப் போட வேண்டும்.

போல்ட் முறிந்தது

எப்போது முறிந்தது என்பதே பாதி விடை. இறுக்கும்போதே முறிந்து, முறிந்த இடத்தில் தண்டு ஒடுங்கி நீண்டிருந்தால் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கிறது. அல்லது எண்ணெய் தடவிய புரியை உலர்ந்த புரிக்கான திருகுவிசையால் இறுக்கியிருக்கிறார்கள். இறுக்கி முடித்துப் பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து, யாரும் தொடாதபோது, தலை தெறித்து, முறிமுகம் ஒடுங்காமல் மணல்மணலாக மினுங்கினால் ஹைட்ரஜன் நொறுமையைச் சந்தேகிக்க வேண்டும்: 10.9, 12.9 போன்ற கடின வகைகளை ஆசிடில் கழுவி மின்முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன், இழுவிசையின் கீழ் அவற்றை நொறுங்கச் செய்கிறது. அந்தப் பெட்டியில் மிஞ்சியவற்றைத் தனியே எடுத்துவைத்து, ஏற்கெனவே போட்டவற்றையும் மாற்றத்தான் வேண்டும். மாட்யூல் வீட்டுக்கு 8.8 வகையே போதும், அதைத் தாண்டாதீர்கள் என்பது என் கருத்து. இன்னும் இரண்டு போல்ட் கூடுதலாகப் போவது இந்தத் தலைவலியைவிட மலிவு.

மாதக்கணக்கில் கழித்து முறிந்து, முறிமுகத்தில் கடற்கரை அலைக்கோடுகள் போன்ற வளையங்கள் தெரிந்தால் அது மீளமீள வந்த விசையால் ஏற்பட்ட சோர்வு முறிவு. அங்கே எண்ட் பிளேட்டின் விளிம்பைப் பாருங்கள். மெல்லிய பிளேட், தூணின் சுவரிலிருந்து தள்ளி நிற்கும் போல்ட், மேலே இழுக்கும் விசை: பிளேட் வளைந்து, வெளி விளிம்பு எதிர் பிளேட்டில் ஊன்றிக் கடப்பாரைபோல நெம்பும். கணக்கில் எழுதிய இழுவிசைக்கு மேல் அந்த நெம்புவிசையும் போல்ட்டின் தலையில் ஏறும். இதற்குப் பெரிய போல்ட் போடுவது மருந்தாகாது. பிளேட்டைத் தடிப்பாக்குவதும், ஸ்பேனர் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு போல்ட்டைத் தூணின் சுவருக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதுமே மருந்து.

துளை நீள்வட்டமாகிவிட்டது, அல்லது பிளேட்டின் ஓரம் கிழிகிறது

போல்ட் வலுவாக இருக்கிறது, பிளேட் மெலிதாக இருக்கிறது. பக்கப் பிணைப்புக்கு 6 மி.மீ. பிளேட்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8.8 வகை எம்20 ஒன்று, புரிப்பகுதி வெட்டுத்தளத்தில் விழுந்தாலும், 90 கிலோநியூட்டன் தாங்கும். ஆனால் அதே போல்ட்டை 410 மெகாபாஸ்கல் இழுவலிமையுள்ள 6 மி.மீ. பிளேட், 40 மி.மீ. விளிம்புத் தூரத்திலும் 60 மி.மீ. இடைவெளியிலும் 60 கிலோநியூட்டன் வரைதான் தாங்கும். விளிம்பு 33 மி.மீ. ஆனால் 49. பட்டறையில் பிளேட்டை 7 மி.மீ. குறைத்து வெட்டியதன் விலை அது. 10 மி.மீ. பிளேட்டில் 40 மி.மீ. விளிம்போடு பிளேட்டின் வலிமை 99-ஐத் தொடும். அப்போதுதான் போல்ட்டின் முழு வலிமைக்கும் பயன் கிடைக்கிறது. நீண்டுபோன துளையின் மேல் வெறும் பெரிய வாஷரை வைத்து மூடுவது தீர்வாகாது. பிளேட்டை மாற்ற வேண்டும், அல்லது சரியான துளையிட்ட கூடுதல் பிளேட்டைச் சுற்றிலும் பற்றவைத்து, விசை அதற்குள் செல்லும் வழியைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

ஸ்பேனர் நுழையவில்லை

இது வரைபடத்தில் மட்டுமே திருத்தக்கூடிய பிழை. பாக்ஸ் பைப்பின் உள்ளே நட்டு வர வேண்டிய இடத்தில், கை நுழையும் சன்னலைத் தூணின் பக்கச் சுவரில் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் தூணின் வலிமையை மறுபடி கணக்கிட வேண்டும். களத்தில் இடம் இல்லையென்று 8.8 வகைப் போல்ட்டின் நட்டைப் பிளேட்டில் பற்றவைத்துவிடுவது வழக்கமாகி வருகிறது. வெப்பத்தால் பதப்படுத்திய நட்டின் பதத்தை அந்த வெல்டிங் குலைத்துவிடும். நட்டு சுழலாமல் பிடிக்க வேண்டுமானால், நட்டைத் தொடாமல் அதைச் சுற்றி ஒரு கூண்டைப் பற்றவைக்கலாம்.

அடித்தள போல்ட் இடம் மாறி நிற்கிறது

கான்கிரீட் ஊற்றும்போது டெம்ப்ளேட் பிளேட் இல்லாமல் கம்பியில் கட்டிவிட்ட ஆங்கர் போல்ட், வைப்ரேட்டர் பட்டு நகர்ந்துவிடும். அதைச் சூடாக்கி வளைக்கக்கூடாது. பேஸ் பிளேட்டின் துளையைப் பெரிதாக்கி, சரியான துளையுள்ள தடித்த சதுர வாஷர் பிளேட்டை மேலே வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் போல்ட் வெட்டுவிசையைத் தாங்க வேண்டியிருந்தால் இதை வடிவமைத்தவரின் ஒப்புதலின்றிச் செய்யக்கூடாது. பிளேட்டின் அடியில் சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவை) நிறைந்து இறுகிய பிறகே மேல் தளத்தை ஏற்ற வேண்டும்.

இணைப்பில் துரு ஒழுகுகிறது

சாயப்பட்டறைகளும் பிளீச்சிங் பட்டறைகளும் அருகில் உள்ள திருப்பூர் வட்டாரத்தில் இதைச் சாதாரணத் துரு என்று தள்ளிவிட முடியாது; ஈரமும் ரசாயன ஆவியும் பிளேட்டுகளின் இடுக்கில் தங்கினால் துரு உள்ளிருந்து பருத்து இடைவெளியைத் திறக்கும். கால்வனைஸ் செய்த போல்ட்டுக்குக் கறுப்பு நட்டைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்: முலாமின் கனத்துக்கு இடம் விட்டுப் புரி வெட்டிய நட்டுதான் அதற்குப் பொருந்தும், மற்றது பாதியில் சிக்கும், சிக்கியதை இறுகியதாக எண்ணிவிடுவார்கள். இணைப்பின் வெளிவிளிம்பைச் சீலன்ட்டால் அடைத்து, கீறல்களுக்குச் சிங்க் மிகுந்த பெயின்ட் தொட்டுவிடலாம். தூணின் அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால் இணைப்பை விட்டுவிட்டுக் குழாயின் உள்ளே பாருங்கள். மேல் பிளேட்டின் போல்ட் துளை வழியாக மழைநீர் இறங்கி, வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கும். அடிப் பிளேட்டுக்குச் சற்று மேலே, சுமை குறைந்த முகத்தில், ஒரு வடிகால் துளை போட்டு, நீர் வடிந்த பிறகு சுவரின் கனத்தை அல்ட்ராசானிக் கேஜால் அளந்து, வரைபடத்தில் உள்ள கனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.